ஒரு பூசணிக்காய் அகலத்துக்கு நிழல்

மதுரை வெயிலைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் என் மனைவி மங்கையர்க்கரசி அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். அது தெரிந்ததால் நான் எப்போதும் இரண்டு பங்காகவே சொல்லி வைப்பேன். கணக்கு சரியாகிவிடும். இந்தக் கதையிலும் பருந்து, மேகம் என்று வருகிற இடங்களில் நீங்கள் உங்கள் வசதிப்படி கழித்துக்கொள்ளலாம். வெளிச்சம் வளைந்த இடத்தில் மட்டும் கழிக்காதீர்கள். அது அப்படியே நடந்தது.

எங்கள் ஓடக்கரைத் தெருவின் மேற்கு முனையில் 'ககனம்' என்று நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. அது உயர உயர, பருந்துகள் ஒரே மூச்சில் ஏற முடியாமல் இருபதாவது மாடிச் சன்னலில் உட்கார்ந்து இளைப்பாறின. மேகங்கள் முட்டி நசுங்கின. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அதன் நிழல் தெரு முழுக்கப் பந்தல் போட்ட மாதிரி விழுந்துவிடும். தெருவே அந்தக் கட்டடத்தைச் சபித்தது. என் வீட்டில் மட்டும் பாயசம் வைத்தோம்.

காரணம் மங்கை. கல்யாணமான சில வருஷத்திலேயே அவளுக்கு லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும், மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் மூட்டெல்லாம் வீங்கும். "அசட்டையா இருந்தா கிட்னி வரைக்கும் போயிரும்மா" என்றார் டாக்டர். குடை பிடிக்கலாமே என்பீர்கள். குடை மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கும். தார் ரோட்டில் பட்டு மூஞ்சிக்கு நேராக எகிறுகிற வெயிலை எந்தக் குடை தடுக்கும்? ஆக, பகல் என்பது அவளுக்குச் சன்னல் திரையில் தெரிகிற மஞ்சள் நிறம். நானோ மாநகராட்சியில் தெருவிளக்குப் பிரிவு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் எனக்குப் பெயரே லைட்டய்யா. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டவன் வீட்டில் வெளிச்சத்துக்குத் தடை.

ககனத்தின் நிழல் முழுசாக விழுந்த முதல் நாள் மங்கை முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, முகத்தில் களிம்பு பூசிக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றாள். தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி. அப்போது தெருப் பிள்ளைகள் கிரிக்கெட்டில் ரன் அவுட்டா இல்லையா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்து டி.வி.யில் உலகத்தில் நடந்த அத்தனை மேட்சையும் பார்த்தவள் அவள். "மட்டை கோட்டுக்கு மேல அந்தரத்துல நின்னுச்சு. தரையில படல. அவுட்டு" என்றாள். ஓடியவன் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தான்.

அன்றிலிருந்து அவள்தான் தெருவுக்கு அம்பயர். 'அம்பயரம்மா' விரலைத் தூக்கினால் மேல்முறையீடு கிடையாது. ஒரு தடவை எனக்கே எல்.பி.டபிள்யூ. கொடுத்தாள். நான் ஆடவே இல்லை, பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் அதே நிழல் எதிர் வரிசையில் பஞ்சவர்ணத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணமும் அவளோடு பத்துப் பதினைந்து பெண்களும் அப்பளம் போடுகிறவர்கள். தெரு நீளத்துக்குப் பாய் விரித்துக் காயவைப்பார்கள். சாயங்கால வெயில் போனதும் அப்பளத்தில் ஈரம் நின்றது. ஈரம் நின்ற அப்பளம் எண்ணெயில் பொரியாது, சவசவவென்று கிடக்கும். வியாபாரிகள் திருப்பி அனுப்பினார்கள். நாலு பெண்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அதே ககனத்தில் தரை துடைக்கப் போனார்கள். பஞ்சவர்ணம் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். "எங்க வெயிலைத் திருப்பிக் குடுங்க" என்பதுதான் அவளுடைய வழக்கு. கேட்டவர்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

கட்டடக்காரர்கள் இடிக்கவா முடியும்? வேறு வழி தேடினார்கள். வந்து சேர்ந்தது ஜெனிட்டா.

ஜெனிட்டா தூத்துக்குடிப் பெண், ஒளி விஞ்ஞானி. முப்பது வயதிருக்கும். கட்டடத்தின் ஓரங்களில் ஏதோ பளபளப்பான நாடாவை ஒட்ட ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நான் விசாரணையை ஆரம்பித்தேன்.

"என்னம்மா ஒட்டுறீக? ஜிகினாவா?"

"ஓரத்தோல் ஐயா. நிழலை எடுக்கதுக்கு."

"நிழலை எடுக்கிறதா? நான் தெருவிளக்குல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன். வெளிச்சம் நேராப் போகும், மறிச்சா நிழல். எங்கிட்டயேவா?"

அவள் சிரித்தாள். "உங்க வீட்ல அம்மா அடுப்படியில இருந்து கூப்பிட்டா, உங்களுக்குக் கேக்கும்லா?"

"அவ கூப்பிட்டாத் திருமங்கலத்துல கேக்கும்."

"நடுவுல சுவர் இருக்கே, எப்படிக் கேக்கு? சத்தம் அலை. வாசல் ஓரத்துல வந்து வளைஞ்சு உள்ள திரும்பிரும். எங்க ஊர்த் துறைமுகத்துல அலை தடுப்புச் சுவர் முனையில திரும்பி உள்ள வருமே, அதே மாதிரி. நீங்க வைகையில பாத்திருப்பீங்க."

"வைகையில அலையா? நாங்க தண்ணியவே போட்டோவுலதான் பாத்திருக்கோம்."

"சரி, வெளிச்சமும் அலைதான் ஐயா. அதுவும் ஓரத்துல வளையும். ஆனா ரொம்பப் பொடி அலை. அதனால கொஞ்சூண்டுதான் வளையும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு விரலைக் கிட்டத்தட்ட ஒட்டி வச்சு, இடுக்கு வழியா வானத்தப் பாருங்க."

பார்த்தேன். விரல் இடுக்கில் மெல்லிசாகக் கறுப்புக் கோடுகள். வீணைத் தந்தி மாதிரி. எழுபது வருஷமாக என் கையிலேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓரத்துல வளைஞ்ச வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு மோதி உண்டாக்குற கோடு அது. இந்தத் தோல் அந்த வளைவைப் பெருசாக்கும். வயலுக்கு மடை வச்சுத் தண்ணி பாய்ச்சுவாங்கள்லா? தோலோட ஒவ்வொரு துண்டும் ஒரு மடை. தெருவுல ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு துண்டு வெளிச்சம் பாய்ச்சும். வெயில் கட்டடத்தச் சுத்திக்கிட்டு வந்து தெருவுல எறங்கிரும்."

"அப்ப நிழல்?"

"இருக்கவே இருக்காது ஐயா!" என்றாள் சந்தோஷமாக. அவள் முகத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. தெருவின் நடுவே மங்கை யாருக்கோ விரலைத் தூக்கி அவுட் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓரத்தோல் உயிர்பெற்ற அன்று நாலு மணிக்கு நிழல் விழவில்லை. அவ்வளவுதான், சத்தம் கித்தம் ஒன்றும் இல்லை. கட்டடம் அப்படியே மலை மாதிரி நிற்கிறது, அதன் காலடியில் வெயில் பால் போலப் பாய்ந்து கிடக்கிறது. எதிர் வரிசையில் பெண்கள் குலவை போட்டார்கள். சுருட்டி வைத்த பாயெல்லாம் வெளியே வந்தது. தரை துடைக்கப் போன நாலு பேரும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பஞ்சவர்ணம் தெரு நடுவில் நின்று, மாவுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மங்கை களிம்பு பூசி, முழுக்கை ரவிக்கையோடு வாசற்படி வரை வந்தாள். வெயிலைப் பார்த்தாள். புறங்கையை மட்டும் ஒரு நொடி வெளியே நீட்டினாள். இழுத்துக்கொண்டாள்.

"அம்பயரம்மா, டாஸ் போட்டாச்சு!" என்று கத்தினார்கள் பிள்ளைகள்.

"இன்னைக்கு நீங்களே பாத்துக்கங்கடா. எனக்கு உள்ள வேலை கிடக்கு" என்றாள்.

உள்ளே ஒரு வேலையும் இல்லை. அவள் உள்ளே போய் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். நான் அந்தத் தோலைக் கிழித்து எறிந்துவிட்டு வருவதாகச் சூளுரைத்தேன். நாற்பது மாடியையும் ஒரே மூச்சில் ஏறுவேன் என்றேன்.

"நாலாவது மாடியிலயே உங்களத் தூக்கிட்டு வரணும். பேசாம உக்காருங்க" என்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "பஞ்சவர்ணம் வீட்டுல அடுப்பெரியுது. அதுக்கு நாம என்ன சொல்ல முடியும்?"

ஒன்றும் சொல்ல முடியாதுதான். ஆனால் அவள் சாப்பாடு குறைந்துபோனது. டி.வி.யில் மேட்ச் ஓடினால் அணைத்துவிட்டாள். தெருவில் அம்பயர் இல்லாத கிரிக்கெட் மூன்றாம் நாளே மல்யுத்தமாகி, அதற்கப்புறம் நின்றுபோனது. பஞ்சவர்ணம் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு ஓட ஆரம்பித்தாள்.

அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம். பால் வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். பால் பூத் எதிரே தெருவின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. யாரோ தார் கொட்டிவிட்டார்கள் என்று தாண்டப் போனேன். தாண்டும்போது தலை குளிர்ந்தது. நிழல்! பத்தடி அகலத்துக்கு நல்ல, கெட்டியான நிழல். இரண்டு ஓரத்திலும் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடு கோடாக, ஜரிகைக் கரை போட்ட மாதிரி. பட்டுச்சேலையை யாரோ தெருவில் விரித்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடலாம். நான் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் ஆள் தேடியிருப்பார்கள்.

மங்கையைக் கம்பளியில் சுற்றி, என் மழைக்கோட்டை மேலே போர்த்தி, திருடிக்கொண்டு போகிற சாமிச்சிலை மாதிரி அந்தப் பட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உள்ளே நின்று கம்பளியை விலக்கினாள். சுற்றிலும் எரிகிற பகல், நடுவில் அவள்.

"நகருதுங்க" என்றாள் திடீரென்று.

ஆமாம், நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. சூரியன் இறங்க இறங்க அது கிழக்கே ஊர்ந்தது. பிள்ளைகளுக்கு அது போதும். ஸ்டம்புக்கு வைத்த பால் கிரேட்டை நிழலோடு நகர்த்திக்கொண்டே ஆட ஆரம்பித்தார்கள். முதல் ஓவர் பால் பூத்தில், நாலாவது ஓவர் தையல் கடையில், எட்டாவது ஓவர் ரேஷன் கடையில். பொழுது சாயச் சாய நிழலுக்கு வேகம் கூடியது. மங்கை ஓட்டமும் நடையுமாகத் தீர்ப்புச் சொன்னாள். ஒரு பையன் எங்கள் வார்டில் அடித்த பந்தை அடுத்த வார்டில் பிடித்தார்கள். இதில் ஒரு எழுத்தையும் கழிக்காதீர்கள்.

நாலைந்து நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் ஜெனிட்டா வந்துவிட்டாள். அவளுடைய கருவி ஒரு மடை அடைபட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறது. காலையிலேயே மொட்டை மாடிக்கு ஏறியவள், சாயங்காலம் காவலாளி கோட்டைச்சாமியையும் இழுத்துக்கொண்டு நேரே நிழல் பட்டைக்கு வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"ஓரமா நில்லும்மா, பந்து படும்" என்றாள் மங்கை.

"அம்மா, மேல மூலையில, தோலுக்கு மேல, யாரோ பூசணிக்காய் கட்டிருக்காங்க."

"பூசணிக்காயா?"

"ஆமாம்மா. மூஞ்சி வரைஞ்சு, மீசை வச்சு, நாக்கைத் தொங்கப்போட்டு! உலகத்துல எட்டு ஊர்ல இந்தத் தோலை ஒட்டிருக்கோம். மழை, புயல், பனி, புறா எச்சம், எல்லாத்துக்கும் கணக்குப் போட்டோம். திருஷ்டிப் பூசணிக்கு யாரும் கணக்குப் போடல! அங்க ஒரு சாண் மறைஞ்சா இங்க பத்தடி நிழல். வார்ற வாரம் வெளிநாட்டுல இருந்து ஆளுங்க பாக்க வாராங்க. நிழலே இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். என் வேலையே இதுலதான் நிக்கி."

மங்கை கையிலிருந்த பந்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் களத்தில் இறங்கினேன்.

"அது சாதாரணப் பூசணி இல்லம்மா. ஊர்த் தெய்வத்துக்கு நேர்ந்தது. அறுத்தா கட்டடம் ஆடும். போன தடவை அறுத்தவனுக்கு ரெண்டு காதும் இடம் மாறிருச்சு."

"போன தடவைன்னா எப்ப? கட்டடமே புதுசு" என்றாள் மங்கை. எதிரணி என் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஜெனிட்டா கோட்டைச்சாமியிடம் திரும்பினாள். "நீங்க கதவைத் திறந்து விடாம யாரும் மேல போயிருக்க முடியாது. யார் கட்டுனது?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் சாப்பிடப் போயிருந்தேன்…"

"ஏன் அவரை மிரட்டுறீக? நான்தான் கட்டுனேன்."

பஞ்சவர்ணம் பாயைத் தாண்டி வந்தாள். முழங்கை வரை உளுந்து மாவு. "நாலு கட்டு அப்பளம் குடுத்துத்தான் சாவி வாங்குனேன். திருஷ்டிக்குக் கட்டுனேன்."

"யார் திருஷ்டிக்கு?"

பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள். பிறகு மோவாயை மட்டும் மெல்ல உயர்த்திக் காட்டினாள். மங்கையை.

பந்து சாக்கடைக்குள் உருண்டு போனது. எடுக்க ஒருவரும் போகவில்லை.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீக. வெயிலு திரும்பி வந்த நாள்ல இருந்து நீங்க சன்னல்ல நின்னு எங்க பாயையே பாத்துக்கிட்டு இருந்தீக. வாசல்ல வந்து நாலு வார்த்தை திட்டிருந்தீகன்னா எனக்கு நிம்மதியாப் போயிருக்கும். திட்டல. பாத்துக்கிட்டே இருந்தீக. எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. இந்த ஏக்கம் பட்டா நம்ம வெயிலு நிக்காதுன்னு பயந்துபோயித்தான்… உங்க கண்ணுக்குத்தான் கட்டுனேன்."

நான் மங்கையின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

"கண்ணு பட்டுச்சா?" என்றாள் மங்கை.

"என்னக்கா?"

"கண்ணு வச்சது வாஸ்தவம்தான். வயிறு எரிஞ்சுதான் பாத்தேன். பட்டுச்சா இல்லையா?"

"படாம? அன்னைக்கு ஒரு பாய் அப்பளம் பூரா நமுத்துப் போச்சு!"

"நல்லா வேணும்" என்றாள் மங்கை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பஞ்சவர்ணத்துக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் மங்கைக்கு. மாவுக் கையோடு ஒருத்தி, மழைக்கோட்டோடு ஒருத்தி, அந்தப் பத்தடி நிழலுக்குள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இருபதாவது மாடிப் பருந்துகள் எழும்பிப் போயின.

ஜெனிட்டா ஒன்றும் புரியாமல் நின்றாள். "அப்பம் பூசணிய எடுக்கவா, வேண்டாமா?"

"கை வச்சுப் பாரு" என்றாள் பஞ்சவர்ணம்.

"அக்கா, நிழல் உங்க பாய் மேலயும்லா போகுது. கேஸ் போட்டதே நீங்கதான்."

"ஒரு பாயைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? அதுக்குள்ள நாங்க வெத்தல போட்டுக்குவோம். எங்களுக்குத் தெரு நீளத்துக்கு வெயிலு இருக்கு. அவுகளுக்கு ஒரு பூசணிக்காய் அகலத்துக்காவது நிழலு வேண்டாமா?"

ஜெனிட்டா பட்டையின் கரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஜரிகைக் கோடுகளில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். விஷமம் செய்யப் போகிறவன் முகம், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

"நிழலே இல்லாத தெருவக் காட்டுனா, முன்னால நிழல் இருந்துச்சுன்னு அவங்க எப்படி நம்புவாங்க?" என்றாள். "தோல் இல்லாட்டா எவ்வளவு இருட்டா இருக்கும்னு காட்ட ஒரு பட்டை வேணும்லா? ஒப்பிட்டுப் பாக்கதுக்கு. எந்தச் சோதனையிலயும் அது உண்டு. நாங்களே விட்டு வச்சதுன்னு சொல்லிருவேன்."

"பொய்யாம்மா?" என்றேன் ஆசையாக.

"இல்ல ஐயா. நெசமாவே வேணும். எனக்குத்தான் மறந்துபோச்சு."

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். பூசணிக்காயைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அதிலே உயரமான ஒருவர் மட்டையை வாங்கி ஒரு பந்து ஆடினார். மங்கை அவருக்கும் எல்.பி.டபிள்யூ. கொடுத்தாள். அவர் ஏன் என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த அமாவாசை நெருங்க நெருங்கப் பூசணி வாடியது. காய் சுருங்கச் சுருங்கக் கீழே நிழலும் மெலிந்தது. பத்தடி ஐந்தடியாகி, மங்கை பக்கவாட்டில் திரும்பி நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. புதுக்காய் மாற்றச் சொல்லிப் பஞ்சவர்ணத்திடம் போனேன். வீட்டில் கல்யாணப் பூசணி ஒன்று வாங்கித் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் கட்ட மாட்டேன் என்றாள்.

"ஏத்தா?"

"இப்ப அக்காவும் நானும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அவுக வச்ச ரசத்துலதான் நான் சோறு திங்கிறேன். கண்ணு வைக்க ஆளே இல்லாம திருஷ்டிக்காய் கட்டுறதாவது? தெய்வக் குத்தம்."

"நிழலுக்காகக் கட்டுறோம்னு நெனச்சுக் கட்டு."

"நிழலுக்குக் கட்டுனா அது வெறுங்காயி, லைட்டய்யா. சாம்பாருக்குத்தான் ஆகும்."

எவ்வளவோ மன்றாடினேன். மசியவில்லை. கடைசியில் அவளே வழி சொன்னாள்: "அக்காவைச் சன்னல்ல நின்னு பழையபடி ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க. நல்லா ஏக்கமா. நான் கட்டிப்புடுறேன்."

மங்கை சன்னலுக்குப் போனாள். திரையை விலக்கி, வெயிலைத் தடுக்கும் மெல்லிய தாள் ஒட்டிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எதிர் வரிசைப் பாய்களை முறைத்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், பெருமூச்சு விட்டாள்.

"பத்தலக்கா!" என்று தெருவிலிருந்து சத்தம் வந்தது. "சிரிப்பு தெரியுது!"

மறுபடி முயன்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது, உதட்டில் சிரிப்பு நிற்கவில்லை.

"என்ன பண்றதுன்னு தெரியலைங்க. முன்ன மாதிரி வரமாட்டேங்குது."

"தள்ளு" என்றேன்.

அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். தெருவைப் பார்த்தேன். நான் நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு காலத்தில் பகல் முழுக்க எனக்கே எனக்கென்று வீட்டில் இருந்தவள். இப்போது மூன்றரை மணிக்கே களிம்பு டப்பாவைத் திறந்துவிடுகிறாள். நாலு மணிக்குப் பிறகு இந்த வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். டீயை நானே போட்டு நானே குடித்து, நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தெருவை, அந்தப் பால் கிரேட்டை, அந்தப் பொடியன்களை, சிரித்துக்கொண்டே நகரப்போகிற அந்த நிழலை, எல்லாவற்றையும் ஆற அமரப் பார்த்தேன்.

எதிர் வரிசையில் பஞ்சவர்ணம் ஓரடி பின்வாங்கினாள்.

"யாத்தே!" என்றாள். "கோட்டைச்சாமி அண்ணே, சாவிய எடுங்க!"